ஒரே குளியலறை, மூன்று குழந்தைகள்!

காலை ஏழு மணி. குளியலறைக் கதவு தடதடவென்று தட்டப்படுகிறது.

"அக்கா, சீக்கிரம் வெளியே வா! எனக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும்!"

"என் துண்டு எங்கே? யார் எடுத்தது? ஈரமாக இருக்கிறதே!"

"அம்மா, இவன் என் பிரஷ்ஷில் பல் தேய்த்துவிட்டான்!"

சமையலறையில் தோசைக் கல்லின் முன் நிற்கும் அம்மா எந்த வழக்கை முதலில் விசாரிப்பாள்? அப்பாவோ செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, தமக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வேண்டியதில்லை. சென்னையிலோ, மதுரையிலோ, கோவையிலோ அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கும் எந்தக் குடும்பமாகவும் இதை நினைத்துக்கொள்ளலாம். மூத்தவளுக்கு வயது பன்னிரண்டு. நடுவிலவனுக்கு எட்டு. கடைக்குட்டிக்கு ஐந்து. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை. நீளம் ஏழரை அடி, அகலம் நாலடி.

"இவ்வளவு சிறியதா?" என்று கேட்க வேண்டாம். கழிப்பறையும் சேர்ந்த குளியலறைக்கு 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொன்ன குறைந்தபட்சப் பரப்பே 2.8 சதுர மீட்டர்தான். அதாவது சுமார் 30 சதுர அடி. நாலடியை ஏழரையால் பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக இருக்கும்! அதற்குள் கமோடு, கை கழுவும் தொட்டி, கீஸர், வாளி எல்லாம் அடங்கியாக வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதை மறக்க முடியாதவர்கள், தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம்மையும் அதிலேயே நுழைத்திருப்பார்கள். பிறகு மனிதர் நிற்க இடம் ஏது?

சண்டையை விடப் பெரிய விஷயம்

அண்ணன் தங்கை சண்டை எந்த வீட்டிலும் உள்ளதுதான். அது வேன் வந்ததும் தானாக ஓய்ந்துவிடும். ஆனால் இந்த வீட்டில் ஒரு நாள் நடந்த காரியம் அப்படி ஓய்ந்துவிடக் கூடியது அல்ல.

கடைக்குட்டிக்குத் தன் ஷாம்பூ வேண்டியிருந்தது. அது ஜன்னல் விளிம்பில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. குழந்தை என்ன செய்தாள்? வாளியைக் கவிழ்த்தாள், அதன்மேல் ஏறினாள், கையை நீட்டினாள். கையில் சிக்கியது ஷாம்பூ அல்ல. பக்கத்தில் அதே உயரத்தில், அதே மாதிரி வண்ணப் பாட்டிலில் இருந்த கழிப்பறை கழுவும் ஆசிட்!

தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பாட்டி பார்த்துவிட்டார். "ஐயோ, கண்ணு, அதைத் தொடாதே!" என்று பாய்ந்து பிடுங்கினார். மூடி இறுக்கமாக இருந்தது. அதனால் ஒன்றும் நேரவில்லை.

அன்றைக்குத்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. தங்கள் குளியலறையில் எல்லாமே தலைகீழாக இருக்கிறது! குழந்தைக்கு எட்ட வேண்டிய ஷாம்பூ எட்டாத இடத்தில் இருந்தது. எட்டவே கூடாத ஆசிட், அதே ஷாம்பூவுக்கு அடுத்த வீட்டுக்காரராக இருந்தது. எட்டாத பொருளை எடுக்கக் குழந்தை ஏறத்தான் செய்யும். ஏறினால் வழுக்கும், அல்லது வேறு எதையாவது எடுக்கும். குற்றம் குழந்தையுடையதா, பொருளை வைத்தவர்களுடையதா?

எட்ட வேண்டியது எட்ட வேண்டும். எட்டக் கூடாதது எட்டவே கூடாது. சிறிய குளியலறையை ஒழுங்குபடுத்துவதற்கு இந்த ஒரு விதி போதும். அலமாரி வாங்குவது அதற்கு அப்புறம்தான்.

பழைய வீட்டுச் சுவர்

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இந்தத் தொல்லை அவ்வளவாக இருந்ததில்லை. குளியல் கிணற்றடியில். சுவரில் மாடம் இருக்கும். அதில் சீயக்காய்த் தூள், எண்ணெய்க் கிண்ணம். தலைக்கு மேல் கொடி. அதில் வேட்டியும் துண்டும் காற்றாடும். தரையில் தோய்க்கிற கல்லையும் வாளியையும் தவிர வேறு ஒன்றும் இராது. சுவரே அலமாரி!

இப்போது கட்டும் வீடுகளில் சுவர் முழுவதும் வழவழவென்று டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு சோப்புக் கட்டி வைக்கவும் அதில் இடமில்லை. எனவே சாமான்கள் எல்லாம் தரைக்கும் ஜன்னல் விளிம்புக்கும் குடியேறுகின்றன. தரையில் பொருள் இருந்தால் கால் இடறும், அழுக்குச் சேரும், கரப்பான் பூச்சி வரும். ஆகவே போன மாடத்தையும் கொடியையும் புது உருவத்தில் மீண்டும் சுவருக்குக் கொண்டுவருவதுதான் செய்ய வேண்டிய வேலை. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், வீட்டில் உள்ளவர்களின் கைகளும் இருந்தால் போதும்.

முதலில் வெளியேற்றம்

அந்த வீட்டார் முதலில் ஆணி வாங்கப் போகவில்லை. குளியலறையில் உள்ள சாமான்கள் அனைத்தையும் கூடத்தில் கொண்டுவந்து பரப்பினார்கள். தீர்ந்துபோன ஷாம்பூ பாட்டில்கள், பல் போன சீப்பு, கைப்பிடி உடைந்த மக்கு, போன வருஷத்துப் பற்பசைக் குழாய், யாருடையது என்று யாருக்கும் தெரியாத இரண்டு பிரஷ்கள் - எல்லாம் அதில் இருந்தன. பாதி குப்பைக்குப் போயிற்று!

மீதியை மூன்று குவியல்களாகப் பிரித்தார்கள். தினந்தோறும் குழந்தைகளே எடுக்க வேண்டியவை ஒரு குவியல். பெரியவர்கள் மட்டும் எடுக்க வேண்டியவை இன்னொரு குவியல். குளியலறையிலேயே இருக்கக் கூடாதவை மூன்றாவது.

மருந்து மாத்திரைகள் இந்த மூன்றாவது குவியலைச் சேர்ந்தவை. குளியலறையின் ஈரமும் வெப்பமும் மருந்தைக் கெடுத்துவிடும். குழந்தைகள் கையில் அகப்படும் அபாயம் வேறு. அந்துருண்டையும் அப்படியே. வெள்ளை வெளேரென்று மிட்டாய் போல இருப்பதால் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடும். ரத்தத்தில் ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே அழித்துவிடும்.

குழந்தையே அளவுகோல்

அடுத்தது அளவெடுக்கும் படலம். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். மூவரையும் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து, ஒவ்வொருவருடைய தோளுக்கும் சற்று மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார்கள். கடைக்குட்டியின் கோடு தரையிலிருந்து 3 அடியில் வந்தது. நடுவிலவனுக்கு 3½ அடி. மூத்தவளுக்கு 4¼ அடி. அந்தக் கோடுதான் அவரவர் துண்டு தொங்க வேண்டிய இடம். கையைத் தூக்கி, எம்பாமல், எதன்மேலும் ஏறாமல் எடுத்துத் திரும்ப மாட்டக்கூடிய உயரம் அது.

மாட்டும் பலகை செய்வது எளிது. 4 அங்குல அகலம், 12 அங்குல நீளமுள்ள மூன்று பலகைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு குமிழ்கள். ஒன்று துண்டுக்கு, மற்றொன்று மாற்று உடைக்கு. அலமாரிக் கதவுகளுக்குப் போடும் உருண்டைக் குமிழையே இதற்கு உபயோகிக்கலாம். கூரான கொக்கி வேண்டவே வேண்டாம். 3 அடி உயரம் என்பது ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கு அருகில் வரும் உயரமல்லவா? ஈரத் தரையில் ஓடி வந்து வழுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதே காரணத்தால் பலகைகளை நடக்கும் வழியில் அடிக்காமல், கதவுக்குப் பின்னால் உள்ள சுவரில் அடிப்பது நல்லது.

ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் குறைந்தது ஓரடி இடைவெளி விட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் துண்டு காயாது, வாடை வரும். துண்டின் நடுவில் ஒரு சாண் நாடாவை வளையமாகத் தைத்துவிட்டால், குழந்தை அதைக் குமிழில் மாட்டும், கீழே போடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வர்ணம் என்று வைத்துக்கொண்டு, பலகைக்கும் அதே வர்ணத்தைப் பூசிவிட்டால், எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் தன் இடம் தெரியும். அக்காவுக்குப் பச்சை, அண்ணனுக்கு நீலம், கடைக்குட்டிக்கு மஞ்சள் என்று அந்த வீட்டில் தீர்மானமாயிற்று. மஞ்சள் யாருக்கு என்பதில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது வேறு விஷயம்!

எந்தப் பலகை?

சாதாரணப் பிளைவுட் குளியலறைக்கு உதவாது. ஈரம் ஏறி ஆறு மாதத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். கடையில் கேட்கும்போது, கொதிநீரையும் தாங்கக் கூடிய மரைன் பிளைவுட் என்று கேட்க வேண்டும். அதன்மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். அதற்கும் அறுத்த ஓரங்களில் இரண்டு முறை பெயிண்ட் பூச வேண்டும். தண்ணீர் நுழைவது ஓரத்தின் வழியாகத்தான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு பி.வி.சி. பலகை இருக்கிறது. மரம் போலவே அறுக்கலாம், துளையிடலாம். ஊறாது, செல் அரிக்காது.

எதை வாங்கினாலும் ஸ்குரூ மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இரும்பு ஸ்குரூ துருப்பிடித்தால் டைல்ஸின்மேல் செந்நிறக் கறை வழியும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பிரஷ்ஷுக்கு ஒரு சீப்பு

மூன்று பிரஷ்களையும் ஒரே டம்ளரில் குத்தி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அது நல்லதல்ல. பிரஷ்கள் ஒன்றோடொன்று உரசும். ஒரு குழந்தையின் சளியும் கிருமியும் மற்றக் குழந்தைக்குச் செல்லும். டம்ளரின் அடியில் தேங்கும் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். பிரஷ்ஷை நேராக நிறுத்தி, காற்றுப்பட, தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதே பல் மருத்துவர்களின் யோசனை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷை மாற்றவும் வேண்டும்.

இதற்குக் காய்கறி நறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகை ஒன்று போதும். அதிலிருந்து 12 அங்குல நீளம், 2 அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஓரத்தில் 3 அங்குலத்துக்கு ஒன்றாக, ஹேக்ஸா பிளேடால் சிறு வெட்டு வெட்டுங்கள். பிரஷ்ஷின் கழுத்து நுழைய வேண்டும்; தலை நுழையக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு, இரண்டு எல் வடிவத் தாங்கிகளின்மேல் பொருத்தினால், ஒரு சீப்பு சுவரில் முளைத்தாற்போல் இருக்கும். பிரஷ்கள் அதில் தூக்கில் தொங்குவதுபோல் தொங்கி, சொட்டி, காய்ந்துவிடும். கமோடிலிருந்து எவ்வளவு தூரத்தில் பொருத்த முடியுமோ அவ்வளவு தூரத்தில் பொருத்துங்கள். தண்ணீர் விடும்போது கமோடின் மூடியை மூடும் பழக்கத்தையும் குழந்தைகளுக்குக் கற்பித்துவிடுங்கள்.

குழாய்த் துண்டில் ஓர் அலமாரி

வீடு கட்டும் இடங்களிலும் பிளம்பர்களிடமும் நாலங்குல பி.வி.சி. குழாயின் துண்டுகள் வீணாய்க் கிடக்கும். கழிவுநீருக்குப் போடும் 110 மில்லி மீட்டர் குழாய் அது. பயன்படுத்தாத புதுத் துண்டாகப் பார்த்து வாங்கி, 6 அங்குல நீளத்தில் அறுத்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டும் ஒரு சிறிய பொந்தாகிவிடும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையின் கையைக் கீறிவிடும். குழாய்களைப் படுக்கை வாட்டில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரு பலகையின்மேல் வைத்து, உட்புறமிருந்து இரண்டிரண்டு ஸ்குரூ போட்டு முடுக்குங்கள். பலகையைச் சுவரில் பொருத்துங்கள்.

புறாக்கூண்டு போன்ற இந்த அலமாரியில் ஒரு பொந்தில் சுருட்டிய உள்ளாடை, ஒன்றில் சீப்பு, ஒன்றில் தலைக்கு மாட்டும் பட்டை. பொந்து சிறியதாக இருப்பதில் ஓர் அனுகூலமும் உண்டு. அதற்குள் அளவுக்கு மீறித் திணிக்க முடியாது!

குளிக்கும்போது விளையாடும் பொம்மைகளுக்குக் காய்கறி வாங்கும் வலைப்பை ஒன்றே சிறந்த இடம். குழாய்க்கு மேல் ஒரு குமிழில் மாட்டினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஆனால் அழுத்தினால் தண்ணீர் பீச்சும் ரப்பர் வாத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றின் வயிற்றுக்குள் தங்கும் ஈரத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏராளமாக வளர்வதை 2018-ல் ஸ்விட்ஸர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பொம்மைகளை அறுத்துப் பார்த்துக் கண்டறிந்தார்கள். துளையில்லாத பொம்மையே மேல்.

மூலைக்கு ஒரு கடப்பைக் கல்

நாலு மூலைகள் இருக்கும்போது அவற்றைச் சும்மா விடலாமா? சோப்பு, ஷாம்பூ வைக்க மூலையில் முக்கோணமாக ஒரு கடப்பைக் கல் பதித்தால் அது ஆயுள் முழுவதும் கிடக்கும். இரு பக்கமும் 9 அங்குலம் இருந்தால் போதுமானது. கல் கடைக்காரரே அறுத்து, முன் விளிம்பை உருட்டி, பாலிஷ் போட்டுக் கொடுப்பார். கொத்தனார் ஒருவர் அரைநாளில் பதித்துவிடுவார். விளிம்பை உருட்டச் சொல்ல மறக்க வேண்டாம். குழந்தையின் தலைக்கும் கல்லுக்கும் என்றாவது சந்திப்பு நேரத்தான் செய்யும். ஒன்று கவனத்தில் இருக்கட்டும்: கடப்பைக் கல் சுண்ணாம்புப் பாறை வகையைச் சேர்ந்தது. ஆசிட் பட்டால் பாலிஷ் போய் வெளிறிவிடும்.

பூட்டு வேண்டிய பெட்டி

இனி, பாட்டியைப் பதற வைத்த பாட்டிலுக்கு வருவோம். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் இவை குளியலறையில் இல்லாமல் வேறு எங்காவது பூட்டிய இடத்தில் இருப்பதே உத்தமம். அதற்கு வசதியில்லை என்றால், தரையிலிருந்து 5½ அடிக்கு மேல், கதவும் பூட்டும் உள்ள ஒரு சிறிய பெட்டியைச் சுவரில் பொருத்த வேண்டும். அப்பாவின் சவர பிளேடும் அதற்குள்ளேதான். பெட்டிக்குக் கீழே கமோடோ டிரம்மோ இருக்கக் கூடாது. அவை இரண்டும் குழந்தைகளுக்கு ஏணி!

இந்தச் சாமான்களைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். தாகமெடுத்த குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து கழுவினால் 'பளிச்'சென்று ஆகும் என்று எண்ணாதீர்கள். அவை சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது நுரையீரலைத் தாக்கும்.

இவ்வளவுக்கும் மீறி ஒரு குழந்தை ஆசிட்டையோ பினாயிலையோ விழுங்கிவிட்டால் என்ன செய்வது? உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது சுட்டது, திரும்பி வரும்போதும் சுடும். பினாயில் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடவும் கூடும். உடனே 108-க்குப் போன் செய்து, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டிருந்தால், சுத்தமான தண்ணீரை ஒரு கால் மணி நேரமாவது தொடர்ந்து விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

துளையிடும்போது

சுவரில் துளையிடுவது அப்பாக்கள் தங்கள் வீரத்தைக் காட்டும் இடம். ஆனால் வீரத்துக்கு முன் விவேகம் வேண்டும். குழாய்க்கும் ஷவருக்கும் கீஸருக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளையிடக் கூடாது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும். ஸ்விட்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கத்திலும் கூடாது. அங்கே மின் கம்பி ஓடும். தரை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். குழந்தைகள் வெளியே இருக்க வேண்டும்.

டைல்ஸ் வழுக்கும் தன்மையுடையது. துளையிடும் புள்ளியின்மேல் ஒட்டு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் டிரில்லின் முனை நழுவாது. டைல்ஸுக்கென்று விற்கும் பிட்டைப் போட்டு, மெஷினின் சுத்தியல் வேகத்தை நிறுத்திவிட்டு, மெதுவாகத் துளையிடுங்கள். டைல்ஸைத் தாண்டியபின் சுவருக்குரிய பிட்டை மாட்டிக்கொள்ளலாம். 6 மில்லி மீட்டர் அகலம், ஒன்றரை அங்குல ஆழம் போதும். பிளாஸ்டிக் பிளக்கை டைல்ஸின் கனத்தையும் தாண்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். பலரும் செய்யும் பிழை இதுதான். பிளக் டைல்ஸுக்குள்ளேயே நின்றுவிட்டால், ஸ்குரூவை முடுக்கும்போது அது விரிந்து டைல்ஸை உடைத்துவிடும். கடைசியில் துளையைச் சுற்றி ஸிலிகான் பசையைக் கொஞ்சம் தடவினால் தண்ணீர் உள்ளே இறங்காது. பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் நல்லது.

வாடகை வீட்டுக்காரர்கள் முகம் வாடுவது தெரிகிறது. "ஓர் ஆணி அடித்தாலும் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?" என்கிறீர்கள். அவர்களுக்கு ஒட்டுக் கொக்கிகள் இருக்கின்றன. ஒட்டுவதற்கு முன் டைல்ஸை வினிகரால் துடைத்து, நீரால் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். போர் தண்ணீரின் உப்புப் படிந்த சுவரில் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் எதையும் மாட்டாமல் விட வேண்டும். துண்டையும் வலைப்பையையும் அது தாங்கும். பலகையையும் பெட்டியையும் தாங்காது. அந்த வீடுகளில் ஆசிட் பாட்டில் குளியலறையை விட்டு வெளியேறுவது ஒன்றே வழி. காலூன்றி நிற்கும் அலமாரி எதையும் சுவரோடு பிணைக்காமல் குளியலறையில் நிறுத்தக் கூடாது. குழந்தை ஏறினால் அது குழந்தையின்மேலேயே சாயும்.

தரை காலியானபின்

பொருள்கள் எல்லாம் சுவருக்கு ஏறியபின் தரையில் மிஞ்சுபவை வாளியும் டிரம்மும்தான். வாளியை உபயோகித்ததும் கவிழ்த்து வைக்கும் வழக்கம் வேண்டும். தவழும் குழந்தைக்கும் தத்தி நடக்கும் குழந்தைக்கும் இரண்டங்குலத் தண்ணீரே ஆபத்து. தலை கனமாக இருப்பதால், வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்த குழந்தையால் தானாக எழுந்திருக்க முடியாது. சத்தமும் வராது. டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள். குழந்தைக்கும் காவல், டெங்கு கொசுவுக்கும் தடை.

சுவரில் ஒரு பாடம்

இவ்வளவும் வெறும் இட வசதிக்காக மட்டும் அல்ல. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் பொருளை வைப்பதில் ஒரு கல்வியே அடங்கியிருக்கிறது என்று கண்டவர் மரியா மான்டிஸோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்ஸோ பகுதியில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. கை கழுவுவதும், தன் பொருளை எடுத்த இடத்தில் வைப்பதும் அங்கே பாடங்களாயின. குழந்தைகளின் உயரத்துக்கேற்ற நாற்காலி, குழந்தைகளின் கைக்கு எட்டும் அலமாரி என்று அவர் அமைத்தார். 1939-ல் அவர் நம் சென்னை அடையாறுக்கே வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று எத்தனையோ பள்ளிக்கூடங்களில் தணிந்த அலமாரிகளைக் காண்கிறோம். பள்ளியில் தன் பையைத் தானே மாட்டும் குழந்தை, வீட்டில் துண்டுக்கு மட்டும் "அம்மா!" என்று கத்துவானேன்? வீட்டில் கொக்கி பெரியவர்களின் உயரத்தில் இருக்கிறது, அதுதான் காரணம்.

ஒரு மாதத்துக்குப் பின்

அந்த வீட்டின் குளியலறைக் கதவு இப்போதும் காலை ஏழு மணிக்குத் தட்டப்படத்தான் செய்கிறது. ஓர் அறையை மூன்றாக்கும் வித்தை யாருக்கும் தெரியாதல்லவா? ஆனால் "என் துண்டு எங்கே?" என்ற கூச்சல் இல்லை. மஞ்சள் குமிழில் மஞ்சள் துண்டு தொங்குகிறது. கடைக்குட்டி தானே எடுக்கிறாள், துடைத்துக்கொள்கிறாள், நாடாவைப் பிடித்துத் திரும்ப மாட்டுகிறாள். நாலில் ஒரு நாள் கீழே விழுகிறது. அதையும் அவளே எடுத்து மாட்டுகிறாள். வாளியின்மேல் ஏறும் அவசியம் அவளுக்கு இல்லை. ஏறினாலும் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. ஜன்னல் விளிம்பு காலியாக இருக்கிறது. பெட்டியின் சாவி பாட்டியின் இடுப்பில்!

"பிறந்த நாள் வந்தால் என் பலகையை உயரத்தில் வைக்க வேண்டும்" என்று இப்போதே அவள் சொல்லி வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை பலகையைக் கழற்றி இரண்டங்குலம் ஏற்றி மாட்டுவது பெரிய காரியமல்ல. பழைய துளையை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிடலாம்.

ஒரே ஒருவருக்கு மட்டும் குறை. மூன்று பலகைகளையும் அறுத்து, வர்ணம் பூசி, துளையிட்டு மாட்டிய அப்பாவின் துண்டுக்கு அந்த அறையில் இடமே ஒதுக்கவில்லை! அவர் புகார் செய்ததும் நீதிமன்றம் கூடியது. கடைக்குட்டி யோசித்தாள். "என் பலகையில் ஒரு குமிழ் சும்மாத்தானே இருக்கிறது? அதில் மாட்டிக்கொள்ளுங்கள் அப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்போது அவர் தினமும் 3 அடி உயரத்துக்குக் குனிந்து துண்டை எடுத்துக்கொண்டிருக்கிறார்.